மகன் கவுன்சலிங் போகிறான்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். "மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். கட்டாயத் தேசிய சேவை (ராணுவம் போன்ற படைகளில் இரண்டு வருடம்) முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவன். போன வாரம் வீட்டுக் கணினியில் அவன் மூடாமல் விட்டிருந்த மின்னஞ்சலைப் பார்த்துவிட்டேன். பல்கலைக்கழக ஆலோசனை நிலையத்தில் செவ்வாய்க்கிழமை சந்திப்பு என்று போட்டிருந்தது. அவனிடம் கேட்கவில்லை, அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான். அப்புறம் எதற்கு இது? பிள்ளைகள் என்னென்ன பிரச்சினைக்கு அங்கே போகிறார்கள்? இது பதிவில் ஏறி வேலைக்குத் தடையாகுமா? உட்பிரிட்ஜுக்கு அனுப்பிவிடுவார்களா? நான் பார்த்ததை அவனிடம் சொல்லலாமா?"

இங்கே சிங்கப்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். உங்கள் கேள்விகளின் வரிசையை மாற்றிக்கொள்கிறேன். எது உங்களை இரவில் தூங்கவிடாமல் செய்கிறதோ அதிலிருந்து ஆரம்பிப்போம்.

உட்பிரிட்ஜ். அந்தப் பெயரைச் சொன்னதுமே உங்கள் வயது எனக்குத் தெரிந்துவிட்டது! 1928இல் யியோ சூ காங்கில் திறந்த மனநோய் மருத்துவமனைக்கு 1951இல் வைத்த பெயர் அது. 1993இல் புவாங்கோக்கில் புதுக் கட்டடத்துக்கு மாறியது. இப்போது அதன் பெயர் மனநலக் கழகம். நம் பள்ளிக்கூட நாளில் யாராவது கொஞ்சம் விநோதமாக நடந்தால் "உட்பிரிட்ஜ் கேஸ்" என்று கேலி செய்வோம். நானும் செய்திருக்கிறேன். அந்தக் கேலிதான் இன்றைக்கு உங்கள் தொண்டையில் நிற்கிறது. பல்கலைக்கழக ஆலோசனை நிலையத்துக்கு வருகிற மாணவர்களில் பெரும்பாலோர் அங்கேயே சில அமர்வுகளோடு முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சிலருக்கு மருந்து தேவைப்படும். அவர்களிலும் நிறைய பேர் பல்கலைக்கழக மருத்துவரையோ, அரசாங்கப் பலதுறை மருந்தகத்தையோ (பாலிகிளினிக்), பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவையோதான் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் தங்க வேண்டிய நிலை அபூர்வம். அப்படித் தங்க நேர்ந்தாலும் பெரும்பாலும் சில நாள்தான்.

"நன்றாகச் சாப்பிடுகிறான், சிரிக்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் அறைக்கு வந்தவர்களில் பாதிப் பேரின் அம்மாக்கள் இதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்கள். தானே இணையத்தில் நேரம் குறித்துக்கொண்டு தானே நடந்து வருகிற பிள்ளை, பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் இருக்கிற பிள்ளை அல்ல. தன்னிடம் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடித்து, அதற்கு ஒரு வழி தேடுகிற தெம்பு மிச்சம் இருப்பவன் அவன். மனநலக் கழகம் 2016இல் நடத்திய தேசிய ஆய்வில், வாழ்நாளில் ஏதாவதொரு மனநலக் கோளாறை அனுபவித்தவர்கள் ஏழு பேரில் ஒருவர் என்று தெரிந்தது. அப்படிப் பாதிக்கப்பட்டவர்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் எந்த உதவியையும் நாடவே இல்லை. உங்கள் மகன் அந்த முக்கால்வாசியில் இல்லை. பயப்பட வேண்டுமென்றால், நேரம் குறிக்காமல் அறைக்குள்ளேயே இருக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2022, 2023 வாக்கில் எடுத்த தேசிய இளையர் மனநல ஆய்வில் 15 முதல் 35 வயது வரையிலானவர்களில் 30.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் இவற்றில் ஏதோ ஒன்றின் கடுமையான அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு மனநோய் என்று அதை வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் தப்பு. கேள்வித்தாளில் அறிகுறிகளைக் கேட்டு எண்ணிய கணக்கு அது, மருத்துவர் உட்கார்ந்து பார்த்துச் சொன்ன நோய்க்கணக்கு அல்ல. ஆனாலும் இளம் வயதினர் பக்கம் பாரம் கூடியிருப்பது உண்மை. 2022ஆம் ஆண்டு மக்கள் நலவாழ்வு ஆய்வில் மொத்தத்தில் 17 விழுக்காட்டினரின் மனநலம் குன்றியிருந்தது, 18 முதல் 29 வயதினரில் அது 25.3 விழுக்காடு. வயதும் ஒரு காரணம். வாழ்நாள் முழுக்க வரக்கூடிய மனநலக் கோளாறுகளில் முக்கால் பங்கு 24 வயதுக்குள் தலைகாட்டிவிடும் என்பது பழைய, உறுதியான கண்டுபிடிப்பு. பல்கலைக்கழகம் அந்த வயதில் வந்து உட்கார்ந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கல்லூரி மாணவர் ஆய்வில், எட்டு நாடுகளில் சுமார் 14,000 முதலாண்டு மாணவர்களைக் கேட்டபோது 35 விழுக்காட்டினருக்கு வாழ்நாளில் ஏதாவதொரு கோளாறு இருந்திருக்கிறது. அதனால் "நாங்கள் என்ன குறை வைத்தோம்" என்ற கேள்வி உங்களுக்குள் ஓடினால், அதைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்.

சரி, எதற்காக வருகிறார்கள்?

வாசலில் சொல்லும் காரணம் ஒன்று, உள்ளே இருக்கும் காரணம் வேறொன்று. முதல் அமர்வில் "தூக்கம் வரவில்லை" என்பார்கள். "அசைன்மென்ட் சமர்ப்பிக்க முடியவில்லை, கணினியைத் திறந்தால் கை ஓடவில்லை" என்பார்கள். "குழுப் பணியில் யாரும் என்னோடு பேசுவதில்லை", "தேர்வு அரங்கில் மூச்சு அடைத்தது, மாரடைப்பு என்று நினைத்து அவசரப் பிரிவுக்குப் போனேன், இதயத்தில் ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்" என்பார்கள். மூன்றாவது அமர்வில்தான், பையை எடுத்துக்கொண்டு எழும்போது, கதவுப் பிடியில் கைவைத்தபடி உண்மையான விஷயத்தைச் சொல்வார்கள். ஆலோசகர்கள் எல்லாருக்கும் அந்தக் கதவுப்பிடி வாக்கியம் பழக்கம். உடனே மறுபடி உட்காரச் சொல்வோம், அடுத்த மாணவர் வெளியே காத்திருந்தாலும்.

அதிகமாகப் பார்த்தது பதற்றம். இதற்கு இங்குள்ள படிப்புமுறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உங்கள் மகன் தொடக்கக் கல்லூரியிலோ பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ வகுப்பில் முதல் ஐந்துக்குள் இருந்திருப்பான். பல்கலைக்கழகத்தில் எல்லாருமே முதல் ஐந்துக்குள் இருந்தவர்கள். பல பாடங்களில் நீ எவ்வளவு எடுத்தாய் என்பதைவிட மற்றவர்களோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கிறாய் என்பது முக்கியம், மாணவர்கள் வாயில் எப்போதும் "பெல் கர்வ்" தான். 75 எடுத்தும் கீழ் வரிசையில் நிற்கலாம். வாழ்க்கையில் முதல்முறையாகச் சராசரியாக ஆவது இருபது வயதில் ஒருவருக்குப் பெரிய இழப்பு. ஆனால் யாரும் அதற்குத் துக்கம் விசாரிக்க வருவதில்லை. பல்கலைக்கழகங்களுக்கும் இது தெரியாமல் இல்லை. முதலாண்டில் சில பாடங்களின் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்க்காமல் "எஸ்யூ" (தேர்ச்சியா இல்லையா என்று மட்டும்) போட்டுக்கொள்ள விடுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரை, எந்தப் பாடத்துக்கு எஸ்யூ போடுவது என்பதே சிலருக்கு ஒரு வாரத் தூக்கத்தைக் கெடுக்கும் புதுப் பதற்றமாகிவிடுகிறது.

தேசிய சேவை முடித்து வருகிற பையன்களுக்கு இன்னொன்று சேரும். இரண்டு வருடம் கணக்குப் பக்கமே போகாதவன், அப்போதுதான் தொடக்கக் கல்லூரி முடித்து வந்த பெண்களோடு ஒரே வகுப்பில் உட்காருகிறான். அவர்களுக்குப் பத்தொன்பது, இவனுக்கு இருபத்தொன்று. முகாமில் இரவும் பகலும் கூடவே இருந்த நண்பர்கள் ஆளுக்கொரு பல்கலைக்கழகம், ஆளுக்கொரு நாடு என்று போய்விட்டார்கள். முகாமில் என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இங்கே யாரும் சொல்வதில்லை. இதைத் தனிமை என்று அவர்கள் சொல்ல மாட்டார்கள். "மோட்டிவேஷன் இல்லை" என்பார்கள்.

அடுத்தது மனச்சோர்வு. சினிமாவில் காட்டுகிற மாதிரி இருட்டில் உட்கார்ந்து அழுவது இல்லை அது. நம் வீடுகளில் அதற்கு வைத்திருக்கும் பெயர் சோம்பேறித்தனம். பன்னிரண்டு மணி நேரம் தூங்கியும் அலுப்பு, பிடித்த பந்தாட்டத்தைப் பார்க்கக்கூட விருப்பமில்லை, குளிக்கவே ஒரு மணி நேரம் மனதோடு சண்டை. இது இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் நீடித்தால் கவனிக்க வேண்டும். ஆலோசனை நிலையத்தில் இதை அளக்க ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளைத் தருவது வழக்கம். மொத்தம் 27 மதிப்பெண், 10ஓ அதற்கு மேலோ வந்தால் இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்று அர்த்தம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணங்களைக் கேட்பது. மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் அந்த ஒன்பதாவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

இவற்றுக்கு அப்பால் காதல் முறிவு, வேற்று மதக் காதல், அப்பாவின் வேலையிழப்பு, அம்மா அப்பா சண்டை, இன்டர்ன்ஷிப் நூறு இடத்துக்கு விண்ணப்பித்தும் பதில் வராதது என்று வாழ்க்கையின் எல்லாமே வரும். பெரிய சோகம் எதுவும் இல்லாமல் வருபவர்களும் உண்டு. அவர்கள் "எனக்கு வருவதற்கே தகுதியில்லை, மற்றவர்கள் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உட்காருவார்கள்.

குறிப்பாகச் சொல்ல வேண்டியது எண்ணச் சுழற்சி நோய் (ஆங்கிலத்தில் ஓசிடி). ஒரே எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பது. 2016 ஆய்வின்படி சிங்கப்பூரில் 28 பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் இது வந்திருக்கிறது. நம் வீடுகளில் இது வெகு நாள் கண்ணுக்கே தெரியாது. அடிக்கடி கை கழுவினால் சுத்தக்காரப் பெண் என்று பாராட்டுகிறோம். சாமி கும்பிடும்போது ஒரு வார்த்தை தவறிவிட்டதென்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் பக்தி என்கிறோம். சமர்ப்பித்த கோப்பைச் சரியாகத்தான் ஏற்றினோமா என்று இரவு மூன்று மணி வரை நாற்பது தடவை திறந்து பார்த்தால் பொறுப்பான பிள்ளை என்கிறோம். இந்தப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் பல வருடம் போயிருக்கும். நல்ல சிகிச்சை இருக்கிற நோய் இது, அதனால்தான் எனக்கு ஆற்றாமை.

இப்போது மொழி விஷயம். எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் கஷ்டமான பகுதி இதுதான். நம் பிள்ளைகள் ஆலோசகரிடம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். படித்தது, சிந்திப்பது, காதலிப்பது எல்லாம் அந்த மொழியில்தான். ஆனால் திட்டு வாங்கியது தமிழில். "உன்னால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்" என்று அப்பா சொன்னதை ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னால் ஏதோ கணக்குப் பார்க்கிற வாக்கியம் மாதிரி ஒலிக்கும், கேட்கிற சீன ஆலோசகருக்கு அதன் சூடு புரியாது. ஒரு மாணவி (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) நான்கு அமர்வு ஆங்கிலத்தில் அழகாக, கட்டுரை மாதிரி பேசினாள். ஐந்தாவது முறை நான், "அம்மா அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னார்களோ அதை அப்படியே சொல்லம்மா" என்றேன். "உன்னைப் பெத்ததுக்கு" என்று ஆரம்பித்தாள், முடிக்கவில்லை. மீதி ஐம்பது நிமிடமும் அழுகைதான். அதற்குப் பிறகுதான் நாங்கள் வேலையை ஆரம்பித்தோம்.

எதிர்ப்பக்கமும் இதேதான். மகன் வீட்டில் "டிப்ரஸ்டா இருக்கு" என்றால் அது ஏதோ ஆங்கிலச் சொகுசுபோல் பெற்றோருக்குக் கேட்கிறது. "மனசு சரியில்லம்மா" என்றால் அம்மாவுக்கு உடனே புரியும், ஆனால் அப்படிச் சொல்ல அவனுக்கு நா எழுவதில்லை. வயிற்றுவலி, தலைவலி, நெஞ்சு படபடப்பு என்று உடம்பின் பெயரால்தான் சொல்லத் தெரிகிறது. நீங்கள் கஷாயம் வைத்துக் கொடுக்கிறீர்கள். அதில் தவறில்லை, கொடுங்கள். கூடவே "உடம்பா, மனசா?" என்று ஒரு கேள்வியும் கேட்டுப்பாருங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே படிக்க வரும் பிள்ளைகள் நிலை இன்னும் சிக்கல். அங்கே கடன் வாங்கி அனுப்பிய குடும்பம், இங்கே கல்விக் கட்டணச் சலுகைக்காக மூன்று வருடம் வேலை செய்து தீர்க்க வேண்டிய ஒப்பந்தம், வாரம் ஒரு வீடியோ அழைப்பில் "நல்லா இருக்கேன்" என்ற நடிப்பு. அவர்கள் செமஸ்டர் விடுப்பு எடுக்க நினைத்தால் மாணவர் அனுமதி அட்டையின் நிலையும் மாறக்கூடும் என்பதால் முதலில் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும். உங்கள் மகனுக்கு இந்தச் சிக்கல் இல்லை. வேண்டுமானால் அவன் ஒரு பருவம் விடுப்பு எடுக்கலாம், திரும்பி வரலாம்.

பதிவு, வேலை. ஆலோசனை நிலையத்தின் குறிப்புகள் மதிப்பெண் பட்டியலோடு சேர்வதில்லை, பேராசிரியருக்கும் போவதில்லை. மாணவரின் அனுமதி இல்லாமல் வெளியே சொல்வது சில நிலைமைகளில் மட்டும்தான்: உயிருக்கு ஆபத்து, இன்னொருவருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்றவை. இதை முதல் அமர்விலேயே சொல்லிக் கையெழுத்தும் வாங்குவோம். வேலைக்கு வந்தால், முன்பு விண்ணப்பப் படிவங்களில் மனநோய் இருந்ததா என்று ஒரு கட்டம் இருக்கும். நியாயமான வேலை நியமனத்துக்கான முத்தரப்பு வழிகாட்டி 2020இலிருந்து அப்படிக் கேட்கக்கூடாது என்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் மனநலக் காரணத்தால் பாகுபாடு காட்டுவதற்கு எதிரான பாதுகாப்பும் இருக்கிறது. சமூகத்தின் முகச்சுளிப்பை எந்தச் சட்டமும் ஒரே நாளில் நீக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் பேசியதால் எந்தக் கதவும் மூடிவிடாது.

மருந்து வேண்டும் என்று சொன்னால் உடனே "பழக்கமாகிவிடும்" என்று சொல்லித் தடுக்காதீர்கள். மனச்சோர்வுக்கு வழக்கமாகத் தரும் மருந்துகள் போதை தருபவை அல்ல. பலன் தெரியச் சில வாரம் ஆகும், ஆரம்பத்தில் குமட்டல், தூக்கக் குழப்பம் வரலாம். பிரச்சினை எங்கே வருகிறதென்றால், இரண்டாவது வாரம் "ஒன்றும் ஆகவில்லை" என்று தானே நிறுத்திவிடுவதிலும், மூன்றாவது மாதம் "சரியாகிவிட்டது" என்று தானே நிறுத்திவிடுவதிலும்தான். செலவைப் பொறுத்தவரை, குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகம் வழியாகப் போனால் சிறப்பு மருத்துவருக்கு மானியக் கட்டணம் கிடைக்கும். பெரும் மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றுக்கு மெடிசேவும் (மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பு) பயன்படுத்தலாம். பல்கலைக்கழகத்துக்குள் போக விருப்பமில்லாத 16 முதல் 30 வயது வரையிலானவர்களுக்கு மனநலக் கழகத்தின் இளையர் சேவையான 'சாட்' 2009இலிருந்து இலவசமாக மதிப்பிட்டுப் பார்க்கிறது. தமிழிலேயே பேச வேண்டும் என்றால், குறிப்பாக உங்களுக்கே பேச வேண்டும் என்றால், பியாட்டி ரோட்டில் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) குடும்பச் சேவை நிலையம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. அவன் "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற மாதிரி ஏதாவது பேசினாலோ, தனக்குப் பிடித்த பொருள்களைக் காரணமில்லாமல் பிறருக்குக் கொடுக்க ஆரம்பித்தாலோ, நேரடியாகக் கேளுங்கள்: "சாகணும்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. அப்படி நடப்பதில்லை. கேட்கும்போது பெரும்பாலும் அவர்கள் முகத்தில் ஒரு ஆசுவாசம்தான் தெரியும். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் எண் 1767, தேசிய மனநல உதவி எண் 1771, இரண்டுமே 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸ் எண் 995. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று தயங்க வேண்டாம், தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2020 ஜனவரி 1 முதல் இல்லை.

கடைசியாக, பார்த்ததைச் சொல்லலாமா?

சொல்லுங்கள். மறைத்தால் உங்கள் முகம் காட்டிக்கொடுத்துவிடும், அவனும் நீங்கள் உளவு பார்த்ததாக நினைப்பான். ஆனால் செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் வேண்டாம். சில பிள்ளைகள் வீட்டுக்குத் தெரிந்ததும் சந்திப்பை ரத்து செய்துவிடுவார்கள். அவன் ஒருமுறை போய் வரட்டும். அடுத்த சில நாளில், அப்பா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கண்ணைப் பார்த்துப் பேசத் தேவையில்லாத ஒரு இடத்தில் சொல்லுங்கள். எம்ஆர்டி ரயிலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, பாத்திரம் துடைக்கும்போது, சந்தைக்கு நடந்து போகும்போது. "கணினியில் அந்த மெயில் தெரியாமல் கண்ணில் பட்டுவிட்டது. நீ போனது நல்லது. சொல்லணும்னு தோணினா சொல்லு, இல்லைன்னாலும் பரவாயில்லை." அவ்வளவுதான். "அங்கே என்ன கேட்டார்கள், எங்களைப் பற்றி என்ன சொன்னாய்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்பதை அவனிடமே கேளுங்கள். நீங்கள் ஆலோசகரை அழைத்துப் பேசவும் தடையில்லை. நீங்கள் சொல்வதை அவர் கேட்டுக்கொள்வார். ஆனால் உங்கள் மகன் வருகிறானா இல்லையா என்பதைக்கூட அவன் சம்மதம் இல்லாமல் உங்களிடம் சொல்ல மாட்டார். அந்த அழைப்பு முடிந்ததும் உங்களுக்குக் கோபம் வரும். என்னிடம் அப்படிக் கோபப்பட்ட அம்மாக்கள் நிறைய. அவர்களில் ஒருவர் மூன்று மாதம் கழித்து மகனோடு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். அழைத்து வந்தது மகன்தான்.